தலைமுடி ஜெல்லில் பிவிபி: பிசுபிசுப்பு, வெள்ளைத் தூள், கூடவே ஒரு பயம்

மயிலைக் கல்யாணி (செவ்வாய், இரவு 9.40)

சென்ற மாதம் மகளின் அரங்கேற்றம் நடந்தது. ஒப்பனைக்கு வந்த அம்மா வகிட்டின் இரு பக்கமும் ஜெல்லை வழித்துப் பூசி, படிய வாரி, சவுரி கட்டி, அதற்கு மேல் ஸ்ப்ரேயும் அடித்தார். அலாரிப்பு வரை ஒரு முடி அசையவில்லை. வர்ணத்தின் பாதியில் நெற்றியோரம் பிசுபிசுக்கத் தொடங்கி, நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாக நழுவிவிட்டது. நட்டுவாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை பரபரத்தது, எழுந்து போய்ச் சரிசெய்யவா முடியும்?

இரவு வீட்டுக்கு வந்து ஏசி அறையில் ராக்கொடியைக் கழற்றி வாரினால் சீப்பு முழுவதும் வெள்ளைத் தூள். அவளுக்குப் பொடுகே கிடையாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு அடுத்து பிவிபி என்று இருந்தது. என் நாத்தனார், "வினைல் என்றால் தண்ணீர்க் குழாய் செய்கிற பிளாஸ்டிக். குழந்தை தலையில் அதையா தடவினாய்?" என்று ஆரம்பித்துவிட்டார். மறுநாளே குடும்பக் குழுவில், நுரையீரலில் படியும், புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி சுற்றியது.

என் கேள்விகள் இரண்டு. ஒரே பொருள் ஒரே நாளில் எப்படிப் பிசுபிசுக்கவும் செய்யும், தூளாக உதிரவும் செய்யும்? மார்கழியில் நான்கு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மிச்சமுள்ள டப்பாவைத் தூக்கி எறிந்துவிடட்டுமா?

ஐயப்பாடு (செவ்வாய், இரவு 9.58)

எறிந்துவிடுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயருள்ள எதையும் குழந்தையின் தலையில் பூச வேண்டாம். நம் பாட்டிமார் எண்ணெய் தடவி வாரிய தலை கலைந்தா போயிற்று?

குடுவைக்காரன் (செவ்வாய், இரவு 11.15)

பதினெட்டு ஆண்டுகளாக அழகுப்பொருள் தயாரிப்பில் இருக்கிறேன். என் வீட்டு உலை இதில்தான் கொதிக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேட்டிக்குக் கஞ்சி போட்டவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். கஞ்சியில் இருப்பது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள். தண்ணீரில் அவை தளர்ந்து மிதக்கும். துணியில் ஏறியதும் தண்ணீர் ஆவியாகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நூலைச் சுற்றி மெல்லிய படலமாக இறுகுகின்றன. வேட்டி விறைக்கிறது. மழையில் நனைந்தால் மடங்கிப்போகிறது, கஞ்சி கெட்டியாகிவிட்டால் உதறும்போது தூள் பறக்கிறது. நீங்கள் மேடையில் பார்த்ததும் சீப்பில் பார்த்ததும் இவைதான்.

பிவிபி என்பது பாலிவினைல்பைரோலிடோன். மாவுச்சத்தைப் போலவே நீண்ட சங்கிலி, ஆனால் ஆலையில் கோத்தது. தண்ணீரிலும் கரையும், சாராயத்திலும் கரையும். அதனால்தான் ஜெல்லுக்கும் ஸ்ப்ரேக்கும் ஒருசேரப் பயன்படுகிறது. முடி முழுவதையும் இது உறை போட்டு மூடிவிடுவதில்லை. இரண்டு முடிகள் உரசிக்கொள்ளும் இடுக்கில் ஈரம் ஒதுங்கும், கடைசியாகக் காய்வதும் அங்கேதான். காய்ந்ததும் அந்த இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாலம் நின்றுவிடுகிறது, பொற்கொல்லர் இரண்டு வளையத்தைப் பற்றவைத்ததுபோல. ஒரு தலையில் இப்படி ஆயிரக்கணக்கான பற்றுகள் விழும். முடி படிந்து நிற்பது அவற்றின் பலத்தால்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொரித்தவுடன் மொறமொறவென்று உடையும். வெளியே வைத்தால் நமுத்துப்போய் வளையும். உலர்ந்த பிவிபி கண்ணாடி மாதிரி, 160 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால்தான் இளகும். ஆனால் அதற்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொட்டால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளவு ஈரம் ஏறிய பிறகு இளகுவதற்குச் சூடே தேவையில்லை, அறை வெப்பநிலையே போதும். மேடை விளக்கும் வியர்வையும் அதை நமுக்க வைத்தன. வீட்டு ஏசி அதே படலத்தை உலர்த்தி மொறமொறப்பாக்கியது. அந்த நேரம் பார்த்து நீங்கள் சீப்பைப் போட்டீர்கள். படலம் நொறுங்கித் தூளாயிற்று.

குழாய் விவகாரம்: தண்ணீர்க் குழாய் பிவிசி, அதில் குளோரின் இருக்கிறது. பிவிபியில் குளோரின் கிடையாது. வினைல் என்பது இரண்டு கரிமங்கள் சேர்ந்த ஒரு கொக்கி மட்டுமே, அந்தக் கொக்கியில் எதை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். தலைப்பெழுத்து ஒன்றாக இருப்பதாலேயே இருவர் பங்காளி ஆகிவிட முடியாது. இதை உங்கள் நாத்தனாரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கம் வரவில்லை.

மாத்திரைச்சீட்டு (புதன், காலை 6.50)

மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கல்யாணி அம்மா, பிவிபியை நீங்கள் பலமுறை விழுங்கியிருப்பீர்கள். மாத்திரை அட்டைகளிலும் மருந்துக் குறிப்புத் தாள்களிலும் அதன் பெயர் பொவிடோன். மருந்துத் தூளை உதிராமல் பிடித்து மாத்திரையாக நிறுத்தும் பிசின் அது. குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் தடவுகிறோமே, அந்தப் பழுப்பு மருந்தும் பொவிடோன்-அயோடின்தான். வெறும் அயோடின் புண்ணில் பட்டால் எரிச்சலில் உயிர் போகிற மாதிரி இருக்கும். பிவிபியின் சங்கிலி அயோடினைப் பிடித்துவைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது. 1955இல் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள்.

பிவிபியின் பிறப்பு அதற்கும் முந்தியது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலையில் அசிட்டிலீன் வாயுவை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் ரெப்பே என்ற வேதியியலாளர் உருவாக்கியது, 1939இல் காப்புரிமை. தலைமுடியைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. போர் வந்தது, ரத்தம் கிடைக்கவில்லை. காயம்பட்ட சிப்பாய்களுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதிக்கு மாற்றாக, பெரிஸ்டான் என்ற பெயரில், பிவிபி கரைசலை நரம்பில் ஏற்றினார்கள். கொண்டைக்கு வந்தது 1950களில்தான்.

ஐயப்பாடு (புதன், காலை 8.05)

> பிவிபியை நீங்கள் பலமுறை விழுங்கியிருப்பீர்கள்

விழுங்குவது வேறு, மூச்சில் இழுப்பது வேறு. வயிற்றுக்குள் போனது மறுநாள் காலை வெளியேறிவிடும். நுரையீரலுக்குள் போனது எந்த வழியாக வெளியேறும்? 1958லேயே அமெரிக்க மருத்துவர்கள், ஹேர் ஸ்ப்ரே அடித்துக்கொண்ட பெண்களின் நுரையீரலில் ஏதோ சேர்ந்து கிடக்கிறது என்று எழுதி, அந்த நோய்க்குத் தெசாரோசிஸ் என்று பெயரும் வைத்தார்கள். இதை ஏன் குடுவைக்காரர் சொல்லவில்லை? கஞ்சி, அப்பளம் என்று சமையலறைக்குள்ளேயே எங்களைச் சுற்றவிட்டுவிட்டார்.

கத்தரி (புதன், பிற்பகல் 2.30)

இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். முகூர்த்த நாள் என்றால் காலைக்குள் ஐந்து, ஆறு தலை. நான் வேலை பார்க்கும் இடம் சிறிய அறை, ஏசி போட்டுக் கதவை மூடிவிடுவார்கள், ஜன்னலும் கிடையாது.

ஒரு பெண்ணுக்குக் கொண்டை முடித்து ஸ்ப்ரே அடித்தால் என் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்ததுபோல் ஆகிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போகாது, ஈரத்துணி வேண்டும். நாற்காலியைச் சுற்றித் தரை ஓடு ஒட்டும், செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் பாதம் சப் சப்பென்று பிய்ந்துவரும். சாயங்காலம் தினமும் வறட்டு இருமல். தரையிலேயே இவ்வளவு ஒட்டினால் என் நெஞ்சுக்குள் என்ன இருக்கும் என்று சில ராத்திரிகளில் தோன்றும். மாதத்தில் ஒரு நாள் பூசிக்கொள்கிற பெண்ணுக்குச் சொல்லும் பதில் எனக்கும் பொருந்துமா, குடுவைக்கார அண்ணா?

குடுவைக்காரன் (புதன், இரவு 10.40)

பொருந்தாது, தங்கை. ஐயப்பாடு கேட்டதும் நியாயம்தான், நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஸ்ப்ரேயின் கதை அரக்கில் தொடங்குகிறது. தபால் முத்திரைக்கு உருக்குவார்களே, அதே அரக்குப் பூச்சியின் பிசின்தான் தொடக்ககால ஹேர் ஸ்ப்ரேக்களில் இருந்தது. சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தலைக்குக் குளித்தாலும் லேசில் போகாது. தண்ணீரிலும் கரைகிற பிவிபி வந்ததும் அரக்கின் இடத்தைப் பிடித்தது. சில ஆண்டுகளிலேயே 1958இன் அந்த மருத்துவக் கட்டுரை வந்தது. பிறகு விலங்குகளை வைத்தும், அழகு நிலையத் தொழிலாளர்களை வைத்தும் பலர் ஆராய்ந்தார்கள். பிவிபிதான் அந்த நோய்க்குக் காரணம் என்று உறுதிப்படவில்லை. 1998இல் அமெரிக்காவின் அழகுப்பொருள் மூலப்பொருள் ஆய்வுக்குழு, இப்போது பயன்படுத்தும் விதத்தில் பிவிபி பாதுகாப்பானது என்று முடிவு சொன்னது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மூன்றாம் பிரிவு என்றால் வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று பொருள். அதைக் குற்றமற்றது என்ற தீர்ப்பாக எங்கள் துறையில் சிலர் விற்கிறார்கள், அது எனக்குப் பிடிக்காது.

உங்களுக்கு முக்கியம் துளியின் அளவு. 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் துளிதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும். அதைவிடப் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும், எரிச்சலும் இருமலும் அங்கே கிளம்பலாம். வாயு அடைத்த டப்பா சிறு துளிகளை நிறையக் கக்கும், கையால் அழுத்துகிற பம்ப் புட்டியின் துளிகள் பெரியவை. உங்கள் வேலைக்குப் பம்ப் நல்லது. இன்னொன்று, அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடித்ததும் இரண்டடி விலகிப்போகிற பழக்கம். எல்லாவற்றுக்கும் மேல் அறையிலிருந்து காற்றை வெளியே தள்ளும் விசிறி. ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. தினமும் இருமல் என்றால் நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கிற சாராயமும் எரிவாயுவும் தீப்பிடிப்பவை. முகூர்த்த அறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நின்று ஸ்ப்ரே அடிப்பதைப் பார்த்தால் எனக்கு நுரையீரல் ஞாபகமே வருவதில்லை, புடவைத் தலைப்புதான் ஞாபகம் வருகிறது.

கல்யாணி அம்மாவின் நாத்தனாருக்கு ஒரு பாதி வெற்றியும் உண்டு. பிவிசி குழாயின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுவை, டப்பாவிலிருந்து ஸ்ப்ரேயைத் தள்ளும் வாயுவாக அமெரிக்காவில் சில ஹேர் ஸ்ப்ரேக்களில் உண்மையிலேயே அடைத்து விற்றார்கள். 1974இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்து பிவிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு அரிதான கல்லீரல் புற்றுநோய் வந்தது வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள். படலத்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஆபத்து அதைத் தள்ளிய வாயுவில் உட்கார்ந்திருந்தது.

ஐயப்பாடு (புதன், இரவு 11.02)

இந்தக் கடைசிப் பத்திக்காகவே உங்களை மன்னித்தேன்.

மாத்திரைச்சீட்டு (வியாழன், காலை 7.10)

போர்க்காலக் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். நரம்பில் ஏற்றிய பிவிபி எல்லோருக்கும் நல்லபடியாக வெளியேறவில்லை. சிறிய சங்கிலிகளைச் சிறுநீரகம் வடிகட்டிவிடும். பெரியவை வடிகட்டியில் நுழையாது, உடம்பில் அவற்றை வெட்டும் நொதியும் இல்லை. பிவிபி கலந்த ஊசிகளைத் தொடர்ந்து போட்டுக்கொண்ட நோயாளிகளின் தோலிலும் எலும்பு மஜ்ஜையிலும் அது தேங்கிய நேர்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு, தைவானிலிருந்து வந்தவையும் அவற்றில் அடக்கம். ஜெல்லைப் பூசுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தோல் வழியாக உள்ளே நுழைய ஒரு மூலக்கூறின் எடை சுமார் 500க்குள் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் ஒரு கைக்கணக்கு. கே-30 என்ற சாதாரண ரக பிவிபியின் எடை 40,000க்கு மேல். ஊசிமுனைத் துளையில் தென்னை மரத்தை நுழைக்கிற கதைதான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை: சங்கிலியில் கோக்காமல் தப்பிய கண்ணிகள் எவ்வளவு? அந்த ஒற்றைக் கண்ணி, வினைல்பைரோலிடோன், சிறியது. ஆலைகளில் அதை எச்சரிக்கையோடுதான் கையாள்கிறார்கள். மருந்து ரக பொவிடோனில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் அது மிஞ்சக்கூடாது என்று மருந்துத் தர நூல்கள் வரம்பு வைத்திருக்கின்றன. முகவரி இல்லாத மலிவு டப்பாவில் நான் அஞ்சுவது பிவிபிக்கு அல்ல, அதோடு வரும் கசடுக்கு.

ஒவ்வாமை அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. பொவிடோனே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதாகப் பதிவுகள் உள்ளன. பழுப்பு மருந்து பட்டு மகளுக்கு எப்போதாவது தடிப்பு வந்திருந்தால், ஜெல் போடும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆளிவிதை அக்கா (வியாழன், முற்பகல் 11.25)

இவ்வளவு கணக்குக்கு எதற்கு? இரண்டு மேசைக்கரண்டி ஆளிவிதையை இரண்டு குவளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு போல நூல் விழும்போது சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறினால் துணியை விட்டு இறங்காது. செம்பருத்தி இலையைக் கசக்கினாலும் இதே வழவழப்பு. இயற்கை, பயமே கிடையாது.

ஒரு சந்தேகமும் உண்டு. சென்ற வாரம் கடை ஜெல்லில் நல்லது சேரட்டுமே என்று அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கெட்டியாக இருந்தது கலக்கக் கலக்க மோராகிவிட்டது. கலப்படமா?

குடுவைக்காரன் (வியாழன், இரவு 9.15)

கலப்படம் இல்லை, அக்கா. ஜெல்லைக் கெட்டியாக நிறுத்துவது பெரும்பாலும் கார்போமர் என்ற வேறொரு சங்கிலி. பிவிபிக்கு முடியைப் பிடிக்கிற வேலை, கார்போமருக்கு விரலில் நிற்கிற வேலை. காரம் சேர்த்து அமிலத்தன்மையைத் தணித்தால்தான் கார்போமர் விரிந்து தண்ணீரைத் தாங்கும். நீங்கள் அமிலத்தை ஊற்றியதும் சுருண்டுகொண்டது. உப்பு பட்டாலும் இப்படித்தான் இளகும், வியர்வையில் நெற்றியோரம் வழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் ஆளிவிதைக் கூழும் படலம் உண்டாக்கும் பொருள்தான், நல்ல பொருள். ஆனால் காப்புப்பொருள் இல்லாத கூழ் நமக்கு மட்டும் சாப்பாடு இல்லை, பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். வாசனை மாறினால் சாக்கடையில் ஊற்றுங்கள், தலையில் வேண்டாம்.

மட்டுறுத்துநர் (வியாழன், இரவு 9.50)

மூன்று நாளில் முடி வளர்க்கும் தைலத்தின் விளம்பரங்கள் நான்கை நீக்கியிருக்கிறேன். நான்கையும் போட்டவர் ஒருவரே.

மயிலைக் கல்யாணி (ஞாயிறு, மாலை 5.20)

எல்லோருக்கும் நன்றி. நாத்தனாரிடம் வாயு விஷயத்தைச் சொன்னேன், இரண்டு நாளாக வெற்றி முகத்தோடு உலவுகிறார்.

படித்ததை நம்பினாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் இன்னொரு ஜெல் வாங்கினேன். அதில் பிவிபி என்று தனியாக இல்லை, விபி/விஏ கோபாலிமர் என்று இருந்தது. இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு ஜெல்லிலும் ஒவ்வொரு சொட்டு இட்டுக் கத்தி முனையால் மெலிதாகத் தேய்த்தேன். ஒரு தட்டு இரவு முழுவதும் பால்கனியில், ஒரு தட்டு ஏசி அறையில். நல்ல மழை.

காலையில் பால்கனித் தட்டில் பிவிபியை விரலால் தொட்டேன். விரல் ரேகை அப்படியே பதிந்தது, எடுக்கும்போது நூல் விட்டது. கோபாலிமர் சொட்டு லேசாக ஒட்டியது, ரேகை பதியவில்லை. ஏசி அறையில் பிவிபி கண்ணாடிச் சில்லுபோலப் பளபளத்தது. நகத்தால் நெம்பியதும் டக்கென்று தெறித்து மேசையில் வெள்ளைத் தூளானது. அன்று சீப்பில் இருந்தது இதுவேதான். கோபாலிமர் தெறிக்காமல் சிறு தோலாக உரிந்து வந்தது.

இரண்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? இனி எது வாங்குவது?

குடுவைக்காரன் (ஞாயிறு, இரவு 8.30)

என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இப்படிச் செய்து பார்ப்பதில்லை, அம்மா.

விபி என்பது பிவிபியின் அதே வினைல்பைரோலிடோன் கண்ணி, விஏ என்பது வினைல் அசிட்டேட். சங்கிலியில் பைரோலிடோன் கண்ணிகளுக்கு நடுவே, பத்துக்கு நான்கு என்ற அளவில், அதைச் செருகியிருப்பார்கள். அது தண்ணீரை அவ்வளவாக நாடாது. அதனால் மொத்தச் சங்கிலி உறிஞ்சும் ஈரம் வெறும் பிவிபி உறிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. படலமும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். உங்கள் ஊர் மார்கழி இரவுக்கும் மேடை வியர்வைக்கும் இரண்டாவதையே வாங்குங்கள். பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, ஈர முடியில் பூசி, முழுதாகக் காயும் வரை தொடாமல் விடுங்கள். ஒப்பனைக்காரர்கள் அவசரத்தில் மூன்று தடவை வழித்துவிடுவார்கள். தூளுக்குப் பாதிக் காரணம் அந்தத் தடிமன்தான். பழைய டப்பாவை எறிய வேண்டாம், வெயில் காலத்துக்கு ஆகும்.

கத்தரி (ஞாயிறு, இரவு 9.05)

முதலாளியம்மா விசிறிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறார். வரும்வரை கதவைத் திறந்துவைத்துக்கொள் என்றார். மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமை போகிறேன். பம்ப் புட்டியை இன்று இரண்டு தலைக்கு அடித்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கவே வேண்டியிருக்கவில்லை, ஆனால் காய நேரம் பிடிக்கிறது, மணப்பெண்ணின் அத்தை அவசரப்படுத்துகிறார்.

மயிலைக் கல்யாணி (ஞாயிறு, இரவு 9.20)

கடைசியாக ஒன்று. சவுரியில் அன்றைய ஜெல் இன்னும் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரினால் முடி கையோடு வருகிறது. என்ன செய்வது?

குடுவைக்காரன் (ஞாயிறு, இரவு 9.32)

வாராதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போடுங்கள், பிவிபி தானாகக் கரைந்துவிடும். ஸ்ப்ரேயில் அக்ரிலேட் பிசினும் இருந்திருந்தால் வெறும் தண்ணீருக்கு அசையாது, கொஞ்சம் ஷாம்பு விட்டு நுனியிலிருந்து அலசிக்கொண்டே போங்கள். பிறகு கொடியில் நிழலில் தொங்கவிடுங்கள்.